25,000 ரூபாய் தீர்ப்பு

சுகாதாரச் சட்டமும் கொள்கையும் முதுகலையில் படிக்கிறேன். இந்த வாரம் முழுக்க ஒரே வழக்குதான் மனதில்.

1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை. 1996-இல் உச்ச நீதிமன்றம், இது அரசியலமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறிய செயல் என்றது. நிதி இல்லை என்று அரசு தட்டிக்கழிக்கவும் முடியாது. இழப்பீடு 25,000 ரூபாய்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு அப்புறம் உள்ள பகுதி. ஆம்புலன்ஸ், எங்கே படுக்கை காலி என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு, எல்லாவற்றையும் நீதிமன்றம் எழுதி வைத்தது. சரி, செய்ய வேண்டியது மாநிலங்கள்தானே? ராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைச் சட்டமே இயற்றியது. தமிழ்நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். ஆய்வேட்டுக்கு இதைத்தான் எடுக்கப்போகிறேன்.