டோரண்ட் ஊர்கிறதா? முதலில் அப்லோடுக்குக் கடிவாளம் போடுங்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமெல்லாம் இப்போது சந்துக்குச் சந்து நெட் லைன் வந்துவிட்டது. ஆனால் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் டோரண்ட் (ஒரு கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கும் முறை) 11 என்று காட்டினால் பலர் உடனே ஆபரேட்டருக்கு போன் போடுகிறார்கள். அந்தச் சண்டை தேவையில்லை. திட்டத்தில் எழுதியிருப்பது மெகாபிட், டோரண்ட் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, அதிலும் கொஞ்சம் பாக்கெட் (தரவுத் துண்டு) ஒவ்வொன்றின் மேலும் எழுதும் முகவரித் தலைப்புகளுக்கே போய்விடும். 11 வந்தாலே லைன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். ஒன்றைக்கூடத் தாண்டவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. உபுண்டு (இலவச லினக்ஸ் இயங்குதளம்) டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ-வின், அதாவது அதன் நிறுவல் கோப்பின், டோரண்டை அவர்களுடைய தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். அதற்கு எந்த நேரத்திலும் ஏராளமான சீடர்கள் (seeder, முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவர்கள்) உண்டு. அது பறந்து, நீங்கள் கேட்ட பழைய கோப்பு மட்டும் ஊர்ந்தால் குறை உங்கள் வீட்டில் இல்லை. இரண்டே சீடர் உள்ள டோரண்டை எந்த செட்டிங்கும் வேகமாக்காது. பழைய, அரிய கோப்புகளின் டோரண்டுகள் பலவற்றில் இதுதான் நிலை. அதனால் இறக்கி முடித்ததும் மூடிவிடாதீர்கள். ரேஷியோ 1 ஆகும்வரையாவது, அதாவது இறக்கிய அளவு திருப்பிக் கொடுக்கும்வரையாவது ஓடவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு நீங்கள்தான் சீடர்.

உபுண்டுவும் ஊர்கிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் அப்லோடு மேல்தான். ஒவ்வொரு பாக்கெட்டும் வந்து சேர்ந்தது என்று உங்கள் கணினி திருப்பி ஒரு ரசீது அனுப்ப வேண்டும். தோராயமாக இரண்டு பாக்கெட்டுக்கு ஒரு ரசீது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க, ரசீதுகளுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 1 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். இறக்க 40, ஏற்ற 4 என்று கொடுக்கும் பழைய கேபிள் லைனில், டோரண்ட் அந்த 4-ஐயும் மற்றவர்களுக்குக் கோப்பு கொடுக்கவே தின்றுவிட்டால் ரசீதுகள் வரிசையில் நிற்கும். ரசீது வராததால் எதிர்முனை தன் வேகத்தைக் குறைக்கும். வீட்டில் வேறு யாருக்கும் வாட்ஸாப் கால்கூடச் சரியாகப் போகாது.

மருந்து எளிது. டோரண்டை நிறுத்திவிட்டு ஸ்பீட் டெஸ்டில் அப்லோடு அளவைப் பாருங்கள். அதில் 80 சதவீதத்தை எல்லையாக வையுங்கள். 4 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 500 கிலோபைட், எல்லை 400. 50 எம்பிபிஎஸ் என்றால் 5000. க்யூபிட்டோரண்டில் (டோரண்ட் இறக்கும் மென்பொருள்) டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஸ்பீட் என்று போனால் அப்லோடு கட்டம் இருக்கும். கீழே µTP (டோரண்டுக்கென்றே உள்ள அனுப்பும் முறை) நெறிமுறைக்கும் வரம்பைப் பொருத்து என்ற வரியில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாக வேலை செய்கிறதா என்று தெரிய, டோரண்ட் ஓடும்போதே கமாண்ட் விண்டோவில் கூகுளின் 8.8.8.8-க்கு பிங் போடுங்கள், ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும். சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் காட்டியது 300-க்கு எகிறினால் எல்லையை இன்னும் இறக்குங்கள்.

சிலர் இதற்கு நேர் எதிராக அப்லோடை 1 என்று வைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. 2001-இல் பிராம் கோஹன் பிட்டோரண்டை வடிவமைத்ததே கொடுத்தவனுக்குக் கொடு என்ற கணக்கில்தான். ஒவ்வொரு பியரும் (அதே கோப்பைப் பகிரும் கணினி) 10 விநாடிக்கு ஒருமுறை தனக்கு நன்றாகக் கொடுப்பவர் யார் என்று பார்த்து அவர்களுக்குத் திறந்துவிடுகிறது. புதியவர் ஒருவருக்கு 30 விநாடிக்கு ஒருமுறை வாய்ப்பு. கொடுக்காதவருக்குக் கிடைப்பது அந்த எச்சம்தான்.

அடுத்தது போர்ட், அதாவது வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல். க்யூபிட்டோரண்டின் கீழ்ப்பட்டையில் உள்ள இணைப்புக் குறி பச்சையாக இல்லையென்றால், வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியவில்லை. நீங்கள்தான் எல்லோரையும் தேடிப் போக வேண்டும், அதனால் பியர் எண்ணிக்கை சுருங்கும். ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டு செய்ய (அந்த வாசலை உங்கள் கணினிக்குத் திருப்பிவிட) உட்காருமுன், ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP, ஆபரேட்டர் உங்கள் ரூட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பாருங்கள். அது 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தாலோ, 10-இல் தொடங்கினாலோ, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரே தெருக்குழாயில் பத்துக் குடித்தனம் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. இந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டு செய்து பயனில்லை, ஒரு மணி நேரம்தான் வீணாகும். இரண்டு வழி உண்டு. ஆபரேட்டரிடம் நிலையான பொது ஐபி கேட்கலாம், மாதக் கட்டணம் கூடும். அல்லது ஐபிவி6 (ஒவ்வொரு கணினிக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறை) இருந்தால் அதை ரூட்டரில் இயக்கி, ரூட்டர் ஃபயர்வாலில் அந்த ஒரு போர்ட்டை மட்டும் கணினிக்குத் திறந்துவிடலாம். பல வீடுகளுக்கு நான் சொல்வது இரண்டாவதைத்தான்.

வேன் ஐபி 192.168 என்று வந்தால் வேறு சிக்கல். ஆபரேட்டர் கொடுத்த பெட்டியும் ரூட்டர், நீங்கள் வாங்கியதும் ரூட்டர். உங்களுடையதை ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை மட்டும் தரும்) முறைக்கு மாற்றுங்கள். பொது ஐபி நேராக வருகிறவர்கள் 49152 முதல் 65535-க்குள் ஒரு எண்ணைத் தேர்ந்து ஃபார்வர்டு செய்தால் போதும். பழைய 6881 வேண்டாம்.

டோரண்ட் போட்டதும் எந்தத் தளமும் திறக்காமல், ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்றால் ரூட்டரின் இணைப்பு அட்டவணை நிரம்பிவிடுகிறது. மொத்த இணைப்பை 500-இலிருந்து 200-க்கும், ஒரு டோரண்டுக்கு 60-க்கும் குறையுங்கள். டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றினால் வேகம் கூடும் என்பதை நம்ப வேண்டாம்.

இனி லைன். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நெரிசலில் திணறும். அதில் ஒன்றன்மேல் ஒன்று படாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ரூட்டர் இருக்கும் அறையிலேயே கணினி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ், இல்லையென்றால் கேபிள்.

100 எம்பிபிஎஸ்-க்கு மேற்பட்ட திட்டம் இருந்தும், ஸ்பீட் டெஸ்ட் எத்தனை முறை போட்டாலும் 94-இல் நின்றுவிடுகிறதா? எங்கோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கியிருக்கிறது. ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். மொட்டைமாடிப் பெட்டியிலிருந்து செம்புக் கேபிள் வரும் கட்டடங்களில், குறிப்பாக காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்தில், உப்புக்காற்று பின்களைப் பச்சை பூக்க வைத்துவிடும். முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய (புதுக் கனெக்டரை வைத்து அழுத்த) சொல்லுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கேபிளும் கனெக்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும். செம்பு என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் சீக்கிரம் ஒடியும்.

ஃபைபர் நேராக வீட்டுக்கே வந்தால் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு, டிபிஎம் கணக்கில்) பாருங்கள். மைனஸ் 25-ஐத் தாண்டி 27-ஐ நெருங்கினால் லைன்மேனை அழையுங்கள். ஜன்னல் கம்பியில் ஒயரை மடக்கிக் கட்டியிருப்பார்கள், அல்லது பச்சை முனை போட வேண்டிய இடத்தில் நீல முனை இருக்கும். ஒயரின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

முதல் ஒரு நிமிடம் வேகமாக ஓடி, பிறகு விழுந்து, மறுபடி எழுந்து விழுந்தால் வட்டை (கோப்பு எழுதப்படும் டிஸ்க்கை) பாருங்கள். நேரடியாகப் பென் டிரைவில் இறக்குகிறவர்களுக்கு இது பெரும்பாலும் நடக்கும். கணினியின் உள் வட்டில் இறக்கி, முடிந்தபின் நகலெடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபி-க்கு மேற்பட்ட ஐஎஸ்ஓ அதில் ஏறவே ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.