பறந்தது கார், அபராதம் என் ஸ்கூட்டருக்கு

அதிவேகமாகச் சென்றதாக என் ஸ்கூட்டருக்கு வந்த இ-சலானை ஒருவழியாக ரத்து செய்ய வைத்துவிட்டேன். அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: சலானில் தவறு இருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு.

இணையதளத்தில் படத்தைத் திறந்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. வாகன வகை என்ற இடத்தில் இருசக்கர வாகனம். படத்திலோ வெள்ளைக் கார். பெரிதாக்கிப் பார்த்தேன். காரின் நம்பர் பிளேட்டில் கடைசி எண் 3. அதன் இடது ஓரத்தை ஒட்டி ஒரு திருகாணியும் அதிலிருந்து வழிந்த துருவும். கேமரா அதை 8 என்று படித்து, என் எண்ணுக்கு அபராதத்தை அனுப்பிவிட்டது. இயந்திரம் தடுமாறலாம். அனுப்பும் முன் ஒரு மனிதர் படத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?

இணையத்தில் புகார் பதிவு செய்தேன். பதிலே இல்லை. ஸ்கூட்டரை விற்கப் பேசி முடித்திருந்தேன். சலான் நிலுவையில் இருந்தால் பெயர் மாற்றம் இழுத்தடிக்கும் என்பதால் சலான் அனுப்பிய அலுவலகத்துக்கே நேரில் போனேன்.

அங்கிருந்த எழுத்தர் தாளைக்கூட வாங்கவில்லை. “ஆயிரம் ரூபாய்தானே சார், கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்” என்றார். யாரோ ஓட்டிய வேகத்துக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டதும், கறுப்பு வெள்ளைப் பிரதியைக் காட்டி “எண் தெளிவாக இல்லை, ஆர்.சி. அசலும் இல்லை” என்று திருப்பி அனுப்பினார். ஆகவே வண்ணப் பிரதியோடு போங்கள். முழுப் படம் ஒன்று, நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக்கியது ஒன்று. ஆர்.சி. அசல், காப்பீட்டு நகல், உங்கள் வண்டியை எண் தெரிய எடுத்த புகைப்படம் ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை மனுவாகவே எழுதிக்கொண்டு போனேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதிப்படி, கேமரா வழியே வரும் சலானில் குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி அளந்த வேகம், நாள், நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். அதைக் குறிப்பிட்டு, படத்தில் இருப்பது என் வாகனமே இல்லை என்று ஒரே பத்தியில் முடித்தேன். எழுத்தர் அதையும் ஓரமாக வைக்கப் பார்த்தார். ஒப்புகை முத்திரை இல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றேன். சத்தம் கேட்டு வந்த ஆய்வாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது கார் ஆயிற்றே!” என்றார். அத்தனை நாள் நான் சொன்னதும் அதைத்தான்.

பிறகு சலான் ரத்தானது. ரத்தான பக்கத்தை உடனே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டாத சலான்கள் இணையவழியே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விடுவதுண்டு. அந்தத் தளத்திலும் உங்கள் வாகன எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அங்கே வழக்கு இருந்தால், அபராதம் கட்டுவதைத் தேர்ந்தெடுக்காமல் வழக்கை எதிர்கொள்வதாகப் பதிவு செய்யுங்கள்.