பெல்ட்டில் இரண்டாவது ஓட்டை

நேற்று பெல்ட்டில் ஆணி வைத்து இன்னொரு ஓட்டை போட்டேன். ஆறு வருஷத்தில் இது இரண்டாவது. ஆனாலும் கவலைப்படவில்லை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டுகிற எண்) 24. 25-க்குக் கீழேதானே!

டாக்டர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்தார். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே 97 செ.மீ. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 வந்தாலே உஷாராகணுமாம். பிஎம்ஐயும் ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனிக்க வேண்டியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டதாம். கை கால் ஒல்லியாகத்தான் இருக்கும். கொழுப்பெல்லாம் உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி. அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அப்புறம் சர்க்கரை, பிரஷர், கொழுப்புக் கல்லீரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

1990-லிருந்து 2022-க்குள் உலகத்தில் பெரியவர்களின் உடல்பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு மடங்கு. இத்தனை பேரும் ஒரே சமயத்தில் சோம்பேறியாகிவிட்டார்களா என்ன? "வாயைக் கட்டு" என்று ஆளைத் திட்டுவது சுலபம். பத்து மணி நேரம் நாற்காலியில் ஒட்டவைக்கிற வேலையை யாரும் திட்டுவதில்லை. (இதையும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.)

வீட்டில் ஆணியை ஒளித்துவைத்துவிட்டார்கள்.