தோள் வலிக்குப் போனேன், காலில் ஊசி குத்தினார்

வலது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாமல் போனபோதுதான் இது வெறும் சுளுக்கு இல்லை என்று உறைத்தது. அதற்கு முன் மூன்று மாதம் தைலம் தேய்த்தே ஓட்டியிருந்தேன். பலதுறை மருந்தகத்தில் ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிடுமாம். பெரும்பாலும் தானாகவே சரியாகும், ஆனால் ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் என்பதால் ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சர்க்கரை இல்லை. பிசியோ தொடங்கினேன். பகலைச் சமாளித்துவிடலாம், இரவுதான் கொடுமை. அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போச்சு.

கூட வேலை பார்க்கும் சீனத் தோழி, "சின்சேயிடம் போய்ப் பாரேன்" என்றாள். சீன மருத்துவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்கென்று 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே போட்டாயிற்று. பதிவு செய்தவர்தான் அக்குபங்சர் ஊசி குத்தலாம். அந்தத் தைரியம். முதலில் போன இடத்தில் நாக்கைக்கூடப் பார்க்காமல் இருபது தடவைக்கான பேக்கேஜை நீட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்தது எங்கள் புளோக்கிலிருந்து நாலு புளோக் தள்ளி, கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கடை. வெள்ளைத் தாடி வைத்த பெரியவரை எதிர்பார்த்துப் போனால், முப்பது வயதுகூட ஆகாத ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். "வாங்க ஆண்டி, நாக்கை நீட்டுங்க."

தோளைப் பற்றி இரண்டு கேள்விதான். மற்றதெல்லாம் தூக்கம், மலம், தாகம், எந்த ருசி பிடிக்கும், கோபம் வருமா, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது. இரண்டு மணிக்கு என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பிறகு நாடி. நம் வைத்தியர்கள் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்பார்களே, அதே மூன்று விரல். ஆனால் இவர் இரண்டு மணிக்கட்டிலும் பார்க்கிறார். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம்.

"உங்க மரம் காஞ்சிருக்கு ஆண்டி" என்றார்.

ஐம்பூதக் கதை என்று நினைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதுவும் இல்லை. காற்றும் ஆகாயமும் அவர்கள் கணக்கில் கிடையாது. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்துதான். இந்த ஐந்தையும் குறிக்க அவர்கள் சொல்லும் 'சிங்' என்ற எழுத்துக்கே நடப்பது, போவது என்றுதான் பொருளாம். அதாவது இவை பொருள்கள் அல்ல, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் போக்கு. நீர் மரத்தை வளர்க்கும், மரம் எரிந்து நெருப்பாகும், நெருப்பின் சாம்பல் மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகத்தின் மேல் நீர் துளிர்க்கும். இது பெற்று வளர்க்கும் வட்டம். அடக்கி வைக்கும் வட்டம் வேறு: மரத்தின் வேர் மண்ணைப் பிளக்கும், மண் நீருக்கு அணை கட்டும், நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும்.

மரம் என்றால் கல்லீரலும் பித்தப்பையும். தசைநார், கண், புளிப்பு, கோபம் எல்லாம் அதன் குடும்பம். இரவு ஒன்றிலிருந்து மூன்று கல்லீரலின் நேரம், அதனால்தான் எனக்கு இரண்டு மணி விழிப்பாம். வலியில்தான் விழிக்கிறேன் தம்பி என்று வாய்வரை வந்தது. ஆனால் டென்ஷன் ஆனால் எனக்கு வயிறு உப்பும் என்பதை நான் சொல்லாமலே, மரம் மண்ணை நெருக்குகிறது, மண் என்றால் வயிறு என்று சொன்னார். அதில் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

மரம் வாடினால் அதன் தாயான நீரைத் தேற்ற வேண்டுமாம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் பால் கொடுக்கும் தாய்க்குப் பத்தியம் வைக்கும் நமக்கு இது புரியாதா? அதனால் முதல் ஊசி முழங்காலின் உள்பக்கம். கல்லீரலுக்கென்று உடலில் ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதையில் நீருக்குரிய புள்ளி அது, பெயர் 'வளைந்த ஊற்று'. ஊசி முடி போல மெல்லியது. இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. திருகியபோதுதான் உள்ளே கனமாக, மரத்தது போல ஒரு இழுப்பு. அது வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்பார்கள்.

அடுத்த ஊசிதான் வேடிக்கை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்னெலும்புக்கு வெளிப்புறம். அதைத் திருகிக்கொண்டே "இப்ப கையைத் தூக்குங்க" என்றார். பயத்தோடு தூக்கினேன். காது மட்டத்தில் நிற்கும் கை நாலு விரற்கடை மேலே போனது. தோளைத் தொடவே இல்லை மனுஷன்! சீன மருத்துவத்தில் தோளுக்கு இது பேர்போன புள்ளி என்று பிறகு தெரிந்தது. இந்த நோய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'ஐம்பது வயதுத் தோள்'. எனக்கு அப்போது 51.

வாரம் இரண்டு, மொத்தம் 12 தடவை. சில நாள் தோளிலும் ஊசி, சில நாள் மூலிகைப் பஞ்சைக் கொளுத்திச் சூடு காட்டுவார். நம் மருக்கொழுந்தின் உறவுச் செடியாம், ஆனால் அந்த வாசனையை எதிர்பார்க்காதீர்கள். துணியெல்லாம் புகை நாற்றம். ஒரு தடவை முழங்கையில் ரத்தம் கட்டி நீலமாகிவிட்டது, ஒரு வாரத்தில் போனது. இன்னொரு தடவை சாப்பிடாமல் போய்த் தலை சுற்றியது. அது என் தப்பு. கை எட்டும் உயரத்தை மகள் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வந்தாள். ஐந்தாவது தடவைக்குப் பிறகு இரவுத் தூக்கம் வந்தது. கோடுகள் மெதுவாகத்தான் ஏறின. நடுவில் இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றன.

மரமும் நீரும்தான் குணமாக்கியதா? எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஜெர்மனியில் முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், புள்ளியில்லாத இடத்தில் சும்மா மேலாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 27.4 தான். ஊசியில் ஏதோ இருக்கிறது, ஆனால் எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிசியோவை நான் விடவும் இல்லை, நோய் தானாக இளகும் காலமும் கூடவே ஓடியது. தம்பியிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "பிசியோவை விடாதீங்க ஆண்டி" என்றார்.

ஒரு தடவைக்கு 45 சிங்கப்பூர் வெள்ளி, ஆக 540. சின்சே தரும் எம்.சி-யை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, ஏற்பதா வேண்டாமா என்பது முதலாளியின் விருப்பம். என் அலுவலகம் ஏற்கவில்லை, சனிக்கிழமைகளிலும் மாலையிலும் போய்வந்தேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே தந்த மூலிகைப் பொடியை நாலு நாள் குடித்தேன். மீதி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அந்தக் கசப்புக்கு என் மரம் காய்ந்தே கிடக்கட்டும்.