பால் ஜாயின்ட் கழற்றும் கருவிக்கு பேட்டன்ட் வாங்கிய அனுபவம்

கார் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளிலிருந்து, அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயின்டைப் பிரிக்க பெரும்பாலான பட்டறைகளில் இன்றும் சுத்தியல்தான். நட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அடித்தால், கூம்பாக இறுகியிருக்கும் டேப்பர் விட்டுவிடும். கூடவே ரப்பர் பூட் கிழியும், சில வண்டிகளில் ஏபிஎஸ் சென்சாரும் போகும். கடையில் விற்கிற புல்லர் அடி இல்லாமல் பிரிக்கும், ஆனால் டேப்பர் விடும் நொடியில் தெறித்துக் கையைப் பதம் பார்க்கும். நான் செய்தது அந்தத் தெறிப்பை அடக்கும் ஒரு புல்லர். ஸ்பிரிங் வைத்த காலர் (வளையம்) ஒன்று நக்கிளில் முழுதாக உட்கார்ந்தால்தான், புல்லரின் ஸ்குரூவைப் பூட்டியிருக்கும் பின் விலகும். அதுவரை ஸ்குரூ சுற்றாது. இதற்கு இந்திய பேட்டன்ட் (காப்புரிமை) கிடைத்ததிலிருந்து, எப்படி வாங்கினாய் என்று மற்ற பட்டறைக்காரர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, கோவையில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன். என் வழியில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கருவி வேலை செய்கிறது என்று தெரிந்ததும் யாரிடமும் காட்டவில்லை. கோவை கணபதி பகுதியில் லேத் வைத்திருக்கும் நண்பரிடம்கூட வெளியே சொல்வதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வரைபடம் கொடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தாக்கல் செய்வதற்கு முன் வீடியோ போட்டாலோ, நாலு பேருக்கு விற்றாலோ, அது நமக்கே எதிரான ஆதாரம். புதுமை போய்விட்டது என்று அங்கேயே கதை முடிந்துவிடும்.

அடுத்தது, இதே யோசனை முன்பே எங்காவது வந்திருக்கிறதா என்ற தேடல். வார்த்தை போட்டுத் தேடினால் ஒன்றும் பிடிபடாது. பேட்டன்ட்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண் வேண்டும். அழுத்திப் பொருத்திய பாகங்களைப் பிரிக்கும் கைக்கருவிகள் பி25பி 27/02 என்ற எண்ணுக்குக் கீழே வருகின்றன. பெயின்ட் ரோலருக்கு பி05சி 17, தூண்டில், வலை சாமான்களுக்கு ஏ01கே. என் மைத்துனர் பெயின்டிங் கான்ட்ராக்டர். ரோலரில் ஒரு யோசனை வைத்திருந்தார். அந்த எண்ணில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தவர் அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை. இந்திய அலுவலகத்தின் தேடுதளம், ஐரோப்பியர்களின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். சலிக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தற்காலிக விவரக்குறிப்பை (கண்டுபிடிப்பின் ஆரம்ப விளக்கத்தை) தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொண்டேன். முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் அவகாசம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னை கிண்டி அலுவலகம். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழில் ஏற்கமாட்டார்கள். தனிநபர் என்றால் ஆன்லைனில் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளைம் (எது நம்முடையது என்று உரிமை கோரும் வாக்கியம்) வரை அதற்குள் அடங்கும். பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். அரசுக்குப் போகிற பணம் இவ்வளவுதான் என்றால் பலர் நம்புவதில்லை. செலவு, விண்ணப்பத்தை எழுதித் தரும் பேட்டன்ட் ஏஜென்டிடம்தான். ஏஜென்ட் இல்லாமலும் தாக்கல் செய்யலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் கிளைம் எழுதுவது தனி வித்தை. ஒரு கிளைம் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும்; அந்த வாக்கியத்துக்குள் வராதது எதுவும் நம்முடையது இல்லை. அதற்கு நான் பணம் கொடுத்தேன், வருத்தமில்லை.

ஏஜென்ட் என்னைக் கசக்கிப் பிழிந்த இடம் விவரிப்புப் பகுதி. காலர் எப்படி உட்காரும், பின் எந்தப் பக்கம் விலகும், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வைத்தால் என்ன, பின்னுக்குப் பதில் பந்து வைத்தால் என்ன என்று எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். படத்தில் வார்த்தைகள் கூடாது, பாகங்களுக்கு எண் மட்டும். அப்போது எரிச்சலாக இருந்தது. பயன் பின்னால் தெரிந்தது.

சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும். படிவம் 9 கொடுத்து, 2,500 ரூபாய் கட்டினால் முன்னதாகவே வெளியாகும், நான் கட்டினேன். பரிசீலனைக் கோரிக்கைக்கு அன்று 48 மாதம் வரை காலக்கெடு இருந்தது. 2024 மார்ச் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு அது 31 மாதம். விண்ணப்பதாரர்களில் ஒரு பெண் இருந்தால் விரைவுப் பரிசீலனை கேட்கலாம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். குடும்பமாகப் பட்டறை நடத்துகிறவர்கள் கவனிக்கவும்.

பிறகு முதல் பரிசீலனை அறிக்கை வந்தது. பயப்பட வேண்டிய கடிதம் மாதிரி இருக்கும், ஆனால் எல்லோருக்கும் வருவதுதான். பழைய அமெரிக்க, சீன ஆவணங்களை டி1, டி2, டி3 என்று வரிசைப்படுத்தி, புல்லர் இதில் இருக்கிறது, ஸ்பிரிங் காலர் அதில் இருக்கிறது, சேர்த்து வைத்தது என்ன பெரிய விஷயம் என்று கேட்டிருந்தார்கள். கூடவே பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 3(எஃப்): தெரிந்த சாதனங்கள் தனித்தனியே தெரிந்த வேலையையே செய்துகொண்டிருக்க, அவற்றை வெறுமனே அடுக்கிவைத்தால் அது கண்டுபிடிப்பாகாது. பட்டறையில் பிறக்கிற கருவிகள் அதிகம் மாட்டுவது இந்தப் பிரிவில்தான். ஏனென்றால் நாம் புது உலோகமா கண்டுபிடிக்கிறோம்? இருக்கிற போல்ட்டும் ஸ்பிரிங்கும்தான்.

பதிலுக்கு 6 மாதம்; கட்டணம் கட்டி இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். நாங்கள் முதல் கிளைமைச் சுருக்கினோம். காலர், பின், ஸ்குரூ மூன்றும் இருப்பதாகச் சொல்வதை விட்டுவிட்டு, காலரின் அசைவே பின்னை விலக்கி ஸ்குரூவை விடுவிக்கிறது என்று எழுதினோம். ஒன்றின் வேலையை இன்னொன்று கட்டுப்படுத்துகிறது. டி1-ஐயும் டி2-ஐயும் சேர்த்து வெல்ட் வைத்தாலும் அது நடக்காது. தாக்கலுக்குப் பிறகு புதிதாக எதையும் நுழைக்கச் சட்டம் விடாது என்பதால், முதலிலேயே விவரிப்பில் எழுதியிருந்ததுதான் கைகொடுத்தது.

விசாரணை காணொலியில் நடந்தது. கருவியை எடுத்துக் காட்டலாம் என்று மேஜையில் வைத்திருந்தேன். முடிவெடுக்கும் அலுவலக அதிகாரியான கன்ட்ரோலருக்கு அது தேவைப்படவில்லை. எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். அது சரியான கேள்விதான். 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக வாதத்தைக் கொடுத்தோம், பேட்டன்ட் கிடைத்தது. தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம், தனிநபருக்கு ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய், பிறகு ஏறிக்கொண்டே போகும். இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும்.

இப்போது ஒரு டூல்ஸ் விநியோகஸ்தர் மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், உரிமையை எழுதிக்கொடு என்கிறார். தேடலின்போது படித்த பீட்டர் ராபர்ட்ஸ் கதை எனக்கு மறக்கவில்லை. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பையன், பட்டனை அழுத்தினால் சாக்கெட் கழன்றுவிடும் ராட்செட் ஸ்பேனருக்கு 1965-இல் பேட்டன்ட் வாங்கியவன். சியர்ஸ் அவனுக்கு உச்சவரம்பாகப் பேசிய தொகை 10,000 டாலர். விற்றதோ கோடிக்கணக்கான டாலருக்கு. வழக்கு 1989-இல்தான் சமரசமானது. ஆகவே ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்டிருக்கிறேன். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், படிவம் 16 போட்டு அலுவலகத்தில் பதியவும் வேண்டும். விநியோகஸ்தர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.