குச்சிங் போய்ப் பாட்டுக் கேட்ட கதை

டிசம்பர் கச்சேரிக்குத் திருச்சியிலிருந்து மெட்ராஸ் போவதற்கே வீட்டில் நாலு பேரிடம் நாள் கேட்க வேண்டும். அப்படிப்பட்ட அக்காவும் நானும் 2024 ஜூன் கடைசியில் போர்னியோ தீவுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு வந்தோம். மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், குச்சிங் நகரத்துக்கு வெளியே 1998இல் தொடங்கி நடந்துவரும் ரெயின்ஃபாரஸ்ட் வேர்ல்ட் மியூசிக் ஃபெஸ்டிவல். கோலாலம்பூர் பயணத்தோடு ஒட்டுப்போட்டதுதான். பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு எட்டு போய் வரலாம் என்று சொல்லித்தான் அக்காவைக் கிளப்பினேன். அந்த ஒரு எட்டு ஒண்ணேமுக்கால் மணி நேர ஃப்ளைட் என்பதைப் பிறகுதான் சொன்னேன்.

விசா தொல்லை இல்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியா போகலாம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் அரைவல் கார்டு மட்டும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. நான் முதலில் போய் விழுந்தது அச்சு அசலாக அதே மாதிரி இருந்த வேறொரு தளத்தில். கார்டு நம்பர் கேட்டபோதுதான் முழித்துக்கொண்டேன்.

பாஸ்போர்ட் விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. கோலாலம்பூரிலிருந்து குச்சிங் உள்நாட்டுப் பயணம்தானே என்று அக்கா பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியின் அடியில், புடவைகளுக்கு நடுவில் பத்திரப்படுத்திவிட்டாள். கவுண்டரில் கேட்டதும் நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து, ஊறுகாய்ப் பாக்கெட் ஒரு பக்கம், தைலம் ஒரு பக்கம் என்று கடை பரப்பினோம். குச்சிங்கில் இறங்கியதும் மறுபடி இமிக்ரேஷன் வரிசை, மறுபடி முத்திரை. 1963இல் மலேசியாவோடு சேர்ந்தபோதே சரவாக் தன் குடிநுழைவு அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டதாம். கோலாலம்பூர்க்காரர்களும் அங்கே அடையாள அட்டையைக் காட்டித்தான் உள்ளே போகிறார்கள்.

விழா நடக்கும் இடம் சரவாக் கல்ச்சுரல் வில்லேஜ். ஊரிலிருந்து 35 கிலோமீட்டர், சந்துபோங் மலையடிவாரம், கடற்கரைக்குப் பக்கம். அங்கேயே ரிசார்ட்டுகள் உண்டு, ஆனால் நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் அறைகள் போய்விட்டன. ஊருக்குள் தங்கி ஷட்டில் பஸ்ஸில் போய்வந்தோம். ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, இட்லி இல்லாவிட்டாலும் நம்ம பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயாவது கிடைத்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: அங்கே மிடின் என்று ஒரு காட்டுக் கீரை, சுருள் சுருளாக இருக்கும், கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். அருமை. ஆனால் கேட்காமல் விட்டால் பெலாச்சான் என்கிற இறால் விழுதைப் போட்டு வதக்கிவிடுவார்கள். ‘தாக் மாவ் பெலாச்சான்’, அதாவது பெலாச்சான் வேண்டாம். மூன்று நாளில் அக்கா கற்றுக்கொண்ட ஒரே மலாய் வாக்கியம்.

முதல் நாள் வாசலில் என் போன் காலை வாரிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிடித்த மழையில் நனைந்து, திரை கறுத்துப்போயிற்று. பாஸின் கியூஆர் கோடு அதற்குள்தான். அக்கா கைப்பையிலிருந்து நாலாக மடித்த பேப்பரை எடுத்து நீட்டினாள். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் எனக்குத் தெரியாமல் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறாள். “உன் போனை நம்பி நான் கடல் தாண்டி வருவேனாடி?” பேப்பரைக் காட்டினால் மணிக்கட்டில் ஒரு துணிப்பட்டை மாட்டிவிடுகிறார்கள். மூன்று நாளும் கழற்ற முடியாது. குளிப்பதும் தூங்குவதும் அதோடுதான்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று: ராத்திரிக்காகத் தெம்பைச் சேமிக்காதீர்கள். நாங்கள் முதல் நாள் அந்தத் தப்பைச் செய்தோம். மத்தியானம் ஓட்டலில் படுத்துவிட்டு, பெரிய மேடைக்கு மட்டும் போனோம். விளக்கு, புகை, முன்வரிசையில் குதிக்கிற கூட்டம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேற்றில் நின்று முட்டி வலித்ததுதான் மிச்சம். திரும்பி வர நள்ளிரவில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையை நினைத்தால் இப்போதும் கால் கடுக்கிறது.

இரண்டாம் நாள் மத்தியானமே போனோம். ஒரு குளத்தைச் சுற்றி இபான், பிடாயு, மெலனாவ் என்று ஒவ்வொரு இனத்தாரின் வீட்டையும் கட்டிவைத்திருக்கிறார்கள். ராத்திரி மேடையில் வாசிப்பவர்களே பகலில் அந்த வீடுகளுக்குள் உட்கார்ந்து பேசுகிறார்கள், வாசித்துக் காட்டுகிறார்கள். எங்கிருந்தோ வந்த நாலு நாட்டு மத்தளக்காரர்களைச் சேர்த்து உட்காரவைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் தடுமாற்றம், அப்புறம் தனி ஆவர்த்தனம்தான். இபான்களின் நீள்வீட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவான நீளத் தாழ்வாரத்துக்கு ‘ருவாய்’ என்று பேர். நம்ம ஊர் ரூவாய் மாதிரியே காதில் விழும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். முட்டி வலி போன இடம் தெரியவில்லை.

அங்கேதான் சாப்பே என்கிற தந்தி வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். ஆற்றின் மேற்பகுதியில் வாழும் ஓராங் ஊலு மக்களுடையது. ஒரே மரத்தைக் குடைந்து, சின்னப் படகு மாதிரி. சிறு வயதில் ஏழு வருடம் வீணை கற்றுக்கொண்டவள் நான். கண் முதலில் மெட்டுக்குத்தான் போனது, அதாவது தந்தியை அழுத்திப் பிடிக்கிற கட்டைகளுக்கு. பிரம்புத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். எதை வைத்து என்று சைகையில் கேட்டேன். வாசித்தவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலால் ஒரு மெட்டை அழுத்தி நகர்த்திக் காட்டினார். மெழுகு! கொசுத்தேனீயின் கறுத்த மெழுகு. தஞ்சாவூரில் வீணைக்கு மேளம் கட்டுகிறவர் (மெட்டு வரிசை அமைப்பதற்கு அப்படிப் பேர்) தேன்மெழுகில் கரித்தூளைக் குழைத்து மெட்டுப் பதிப்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதே நிறம். முகர்ந்தும் பார்த்தேன், அக்கா தொடையில் கிள்ளினாள்.

முன்காலத்தில் பெண்கள் சாப்பேயைத் தொடவே கூடாதாம். நோய் தீர்க்கும் சடங்குக்கான வாத்தியம் அது. இன்றைக்கு அலேனா முராங் போன்ற சரவாக் பெண்கள் அதை உலக மேடைகளுக்கே கொண்டுபோய்விட்டார்கள். வாசித்தவர் என்னிடம் நீட்டியபோது வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மீட்டத் தைரியம் வரவில்லை. அக்காதான் என் தோள் வழியாக விரலை நீட்டி ஒரு தந்தியைச் சுண்டிவிட்டாள்.

மூன்றாம் நாளும் மத்தியானக் கச்சேரிகளோடு சரி. கோலாலம்பூரைவிடக் குச்சிங் ரொம்பக் கிழக்கே இருந்தும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. எட்டு மணிக்கெல்லாம் காலியான பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். என் கேன்வாஸ் ஷூ சேறு காயாமலே நாற ஆரம்பித்திருந்தது, அறையிலேயே விட்டுவிட்டேன். அக்கா முதல் நாளிலிருந்தே ரப்பர் செருப்பு.