கிளாஸ் எடுக்குறதுக்கு முன்னாடி பக்கத்து சீட்ல உக்காந்து பாருங்க

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில டிரான்ஸ்போர்ட் பாக்குறேன், லாரி ஸ்டாஃப் வேன் எல்லாம் சேத்து 34 வண்டி, 41 டிரைவருங்க. வருஷா வருஷம் ஜனவரி ரோடு சேஃப்டி மாசம் வந்துட்டா கேன்டீன்ல ஸ்க்ரீன் கட்டி எல்லாரையும் உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் கிளாஸ் நடக்கும், கடைசில அட்டெண்டன்ஸ் ஷீட்ல கையெழுத்து வாங்கிடுவாங்க. ஆடிட்டுக்கு அது போதும். ஆனா யாரு எதுல தடுமாறுறாங்கனு அந்த ஷீட்ல இருக்காதே. அதனால இந்த தடவை எச்ஆர்ல பேசி கிளாஸை தள்ளி வெச்சேன், முதல்ல ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு ட்ரிப் போயிட்டு வரேன், அப்புறம் யாருக்கு என்ன ட்ரெய்னிங்னு முடிவு பண்ணலாம்னு.

ஜிபிஎஸ் ரிப்போர்ட்ல சடன் பிரேக் அதிகம் போட்டவர் லிஸ்ட்ல முதல் ஆளு எங்க சீனியர் அண்ணன், 54 வயசு, 25 வருஷமா ஹெவி ஓட்டுறவர். ரிப்போர்ட்டை மட்டும் பாத்தா "இவருக்கு டிஃபென்சிவ் டிரைவிங் கிளாஸ்"னு எழுதிட்டு போயிருப்போம். விடியக்காலை நாலு மணிக்கு அவரோட கேபின்ல ஏறினேன். கிருஷ்ணகிரி தாண்டுறதுக்குள்ளயே தெரிஞ்சுபோச்சு. எதிர்ல லைட் அடிச்சா ஸ்டியரிங் மேல குனிஞ்சு கண்ணை சுருக்குறாரு, பின்னாடி வெளிச்சத்துல மின்னுற ஸ்டிக்கர் கூட ஒட்டாத ஒரு டிராக்டர் எனக்கு தெரிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுதான் அவருக்கு தெரியுது, உடனே பிரேக்ல ஏறி மிதிக்கிறாரு. விடிஞ்சதுக்கப்புறம் ஒரு சடன் பிரேக் கூட இல்ல, அவ்வளவு பதமா ஓட்டுறாரு. 80ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடிடும், ரெண்டு செகண்ட் லேட்டா பாத்தா என்ன ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. டீக்கடையில மெதுவா கேட்டேன், "அண்ணே, கண்ணு காட்டினீங்களா?" கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "சொன்னா வண்டியை விட்டு இறக்கிடுவீங்கல்ல சார்"னாரு. மனசே கேக்கல எனக்கு. கண்புரை. ஆபரேஷன் முடியுற வரைக்கும் யார்டு வேலை, சம்பளத்துல கைவைக்கக்கூடாதுனு பேசி முடிச்சேன், இப்ப திரும்ப ரோட்டுக்கு வந்துட்டாரு.

அடுத்து தொப்பூர். தர்மபுரியில இருந்து சேலம் போற வழியில அந்த இறக்கம் எப்படினு டிரைவருங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. நம்ம தம்பி ஒருத்தன், 29 வயசு, எழுத்து டெஸ்ட்ல இவன்தான் ஃபர்ஸ்ட். "ஏறுற கியர்லயே இறங்கணும்"னு பேப்பர்ல அழகா எழுதியிருக்கான். ஆனா இறக்கம் ஆரம்பிச்சதும் கை தானா போய் நியூட்ரல் போடுது, லோடு தள்ள தள்ள பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறான், பாதி இறக்கத்துலயே பிரேக் லைனர் சூடாகி கருகுற வாடை கேபினுக்குள்ள வந்துடுச்சு. ஓரங்கட்ட சொல்லி கேட்டேன், ஏன்டா தம்பினு. "மைலேஜ் இன்சென்டிவ் இருக்கு சார், டீசல் மிச்சம் ஆகும்ல." அதாவது அந்த பழக்கத்துக்கு காசு குடுத்துட்டு இருந்தது எங்க கம்பெனிதான்.

இதுல அவனுக்கு தெரியாத விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். இப்ப வர்ற இன்ஜின்ல கியர்ல இருந்துட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா டீசல் சப்ளையே கட் ஆயிடும், நியூட்ரல்லதான் இன்ஜின் தானா ஓடணும்னு டீசல் குடிக்கும். வாயால சொன்னா நம்பமாட்டான்னு பிரேக் ஆறினதுக்கப்புறம் மிச்ச இறக்கத்தை கியர்ல, எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தை குறைக்குறது) போட்டு இறக்க சொன்னேன், டாஷ்போர்டுல மைலேஜ் ஸ்க்ரீனை பாத்துட்டே வந்தான், கீழ வந்து "இதை யாருமே சொல்லல சார்"னான். ட்ரெய்னிங் அந்த பத்து நிமிஷம்தான். இன்சென்டிவ் கணக்கை மாத்துறதுக்கு ரெண்டு மீட்டிங் ஆச்சு, இப்ப மைலேஜோட ஹார்ஷ் பிரேக், நியூட்ரல் ரெண்டையும் சேத்துதான் காசு.

பிஎஸ்6 வண்டியில, அதாவது புது புகை விதிப்படி வந்த வண்டியில, யூரியா லைட் (புகையை சுத்தம் பண்ற யூரியா திரவத்துக்கானது), டிபிஎஃப் லைட் (புகைக்கரியை பிடிக்குற ஃபில்டருக்கானது) எரிஞ்சா என்ன பண்ணணும்னு நிறைய பேருக்கு தெரியல, அது நிஜமாவே கிளாஸ் எடுக்க வேண்டிய விஷயம், வண்டிக்கு பக்கத்துலயே நின்னு காட்டிடலாம். ரிவர்ஸ் எடுக்குறதும் அப்படித்தான், கிளீனர் இல்லாம தனியா போறவங்களுக்கு மட்டும்.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது தூக்கம். மூணு பேர் ஓட்டும்போதே கண்ணு சொக்கினாங்க, மூணு பேரும் அன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே லோடுக்கு வந்து நின்னவங்க, லோடு ஏறினது ராத்திரி ஒரு மணிக்கு, அதுவரைக்கும் படுக்க இடமில்ல, கொசுக்கடி வேற. அஞ்சு மணி நேரம் வேலை பாத்தா அரை மணி நேரம் ரெஸ்ட் குடுக்கணும்னு 1961 மோட்டார் டிரான்ஸ்போர்ட் தொழிலாளர் சட்டத்துலயே எழுதி வெச்சாங்க. இவங்களை உக்கார வெச்சு "தூங்காம ஓட்டுவது எப்படி"னு ஸ்லைடு போடுறது அநியாயம்ங்க. என் ரிப்போர்ட்ல அந்த மூணு பேருக்கு நேரா ட்ரெய்னிங் தேவை இல்லனு எழுதிட்டு, டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் ரெண்டு பேர் பேரை ட்ரெய்னிங் லிஸ்ட்ல சேத்தேன். கொஞ்சம் சத்தம் வந்துச்சு. ஆனா லோடிங் பே பக்கத்துல ஃபேன் போட்டு நாலு கட்டில் வந்துடுச்சு.

இன்னும் ஆறு பேர் பாக்கி. நாளைக்கு காலைல நாலு மணிக்கு கோயம்புத்தூர் லோடு.